துரைக்கு லத்தீனில் என்ன பட்டம்

எங்கள் போர்டிங்கின் சொந்தக்காரியை நாங்கள் எல்லோரும் அக்கா முறைக்கு ராத்தா என்போம். என் அறைத்தோழி மட்டும் டொமினா என்பாள். நேரில் இல்லை, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

"பாவம் அந்த மனுஷி. எதுக்குப் புள்ள பட்டப்பேர் வைக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேலிக்கு வைக்கலக்கா. இந்த வீட்ட அவங்க நெனச்சா விக்கலாமா?"

"விக்கலாம்."

"நம்மள நாளைக்கே வெளிய போகச் சொல்லலாமா?"

"அவ சொல்லக்கூடிய ஆளுதான்."

"அதுக்கு மேல யார்கிட்டயாச்சும் கேக்கணுமா?"

"அவ புருஷன்கிட்டயே எதையும் கேட்டதில்ல."

"அப்ப டொமினாதான். லத்தீன்ல எஜமானின்னு அர்த்தம். நம்மளுக்குத் தெரிஞ்ச ஆளுங்கள்ல இவங்க ஒருத்தங்கதான் அசல் டொமினா."

அந்த நேரம் பார்த்து வெளியே ராத்தாவின் குரல் கேட்டது. "புள்ளையள், எட்டு மணிக்குப் பொறகு வாசக் கேட்டத் தொறக்க மாட்டன், தெரியுந்தானே?" நாங்கள் இரண்டு பேரும் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தோம்.

கண்டியில், ஏரியைத் தாண்டி அம்பிட்டிய வீதி மேட்டில் ஏறுகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. நான் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்தேன். அவள் ஒரு டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடி, தேத்தண்ணியை ஆறவிட்டு ஆடை படிந்த பிறகு குடிக்கும் கெட்ட பழக்கம். இருவருமே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். எனக்குக் கம்பளைக்கு மேலே, அவளுக்குத் தெல்தெனியப் பக்கம். அதனால்தான் ஒரே அறையில் ஒத்துப்போனது.

கம்பசில் அவள் லத்தீன் படித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். படிக்க ஆசைப்பட்டது பூகோளம். அந்த வகுப்பு காலை எட்டு மணிக்கு. அவள் வரும் பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. லத்தீன் வகுப்பு பத்து மணிக்கு. பஸ்ஸைப் பார்த்துப் பாடம் எடுத்தவள், அந்தப் பாடத்திலேயே தலைகுப்புற விழுந்துவிட்டாள்.

பின்னேரம் வகுப்பு முடிந்து வந்ததும் மடிக்கணினியைத் திறப்பாள். இணையத்தில் லத்தீன் மொழியிலேயே ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதாம். பேச ஆளில்லாத மொழிக்கு ஒரு கலைக்களஞ்சியம். அதில் எழுதச் சம்பளமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். இவள் அதில் கண்டி ராஜ்ஜியத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். ராசா, அதிகார், திசாவ என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் லத்தீனில் சரியான பட்டம் தேடுவாள். பின்லாந்தில் ஒரு மனிதர் இருந்தார். இவள் எழுதுவதை அவர் மாற்றுவார், அவர் மாற்றியதை இவள் மாற்றுவாள். ஒருநாள் நான் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அலறினாள்.

"அக்கா! ராசாவ மாத்திட்டான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், கண்டி ராசாவுக்கு இவள் போட்டிருந்த ரெக்ஸ் என்பதை எடுத்துவிட்டு, பின்லாந்துக்காரர் இம்பெராடோர் என்று போட்டிருக்கிறார். ராசாவைப் பேரரசராக்கிவிட்டார். நல்லதுதானே, நம் ஊர் ராசாவுக்குப் பதவி உயர்வு என்றேன். என்னை முறைத்தாள்.

"அந்தக் காலத்து வெள்ளக்காரன் காரியம் ஆகணும்னு சக்கரவர்த்தின்னு எழுதுனான். கடற்கர முழுக்க அவன் கையில. ஒரு தொறமுகத்தக்கூட ஆளாதவரு எப்படிக்கா பேரரசர்? யாரு என்னா சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு பாக்கக்கூடாது. அவரால என்னா செய்ய ஏலும்னு பாக்கணும்."

இதுதான் அவள். எந்தப் பெரிய மனுஷரைக் கண்டாலும் மனசுக்குள் அளந்து பார்ப்பாள். விற்க முடியுமா, விலக்க முடியுமா, மேலே கேட்க வேண்டுமா. பஸ் கண்டக்டர் கத்தினால் எனக்குப் பயமாக இருக்கும், இவள் அவருக்கு ஒரு லத்தீன் பட்டம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டி.வி.யில் யாராவது மந்திரியாகப் பதவியேற்றால், "இவர மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பாள். கங்காணி என்பதற்கு மட்டும் கடைசிவரை அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை. ரோமாபுரியில் அப்படி ஓர் ஆள் இல்லாமல் போனது அந்த ஊர் ஜனங்கள் செய்த புண்ணியம் என்று சொல்லி விட்டுவிட்டாள்.

எனக்கும் லத்தீன் தெரியும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். மருந்துச் சீட்டில் டொக்டர்மார் காலைக்கு 'மானே' என்றும் இரவுக்கு 'நொக்டே' என்றும் எழுதுவார்கள். பத்து வருஷமாக அதைப் படித்து மருந்து கட்டிக் கொடுக்கிறேன், அது எந்தப் பாஷை என்று யோசித்ததே இல்லை. "நீங்க கண்டி டவுன் முழுக்க லத்தீன் விக்கிறீங்க அக்கா" என்றாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் செய்த முதல் பிழையை அவளே சொல்லிச் சிரிப்பாள். கம்பசில் முதல் வருஷம், அவரவர் ஊரில் அதிகாரம் உள்ள ஒருவரின் பட்டத்தை லத்தீனில் எழுதிவரச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் கிராம சேவகர், மேயர் என்று எழுதினார்கள். இவள் எழுதியது தோட்டத்தை நடத்தும் துரையை. "யோசிக்கவே இல்லக்கா. டொமினுஸ்னு போட்டேன். சர்ச்சுல கடவுளுக்குச் சொல்றதும் அந்த வார்த்ததான்." படிப்பித்தவர் மூன்று கேள்வி கேட்டாராம். அந்தத் தோட்டத்தை அவர் விற்கலாமா? முடியாது, கம்பனியுடையது. அவரை நாளைக்கே மாற்றலாமா? மாற்றலாம், இரண்டு வருஷத்துக்கு ஒரு துரை வந்து போகிறார். பெரிய செலவுக்கு மேலே கேட்க வேண்டுமா? வேண்டும்.

"அப்ப அவரு டொமினுஸ் இல்லயாம். விலிக்குஸாம். ரோமாபுரிப் பணக்காரங்க எல்லாம் டவுன்ல இருப்பாங்க. தோட்டத்தப் பாத்துக்க ஒரு ஆள் வைப்பாங்க. அந்த ஆளும் அனேகமா அடிமதான். ஆனா மத்த அடிமைங்களுக்கு அவருதான் ராசா."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைதான் அந்தப் பிழையை விடும். நானாக இருந்தாலும் டொமினுஸ் என்றுதான் எழுதியிருப்பேன். அவளுடைய அப்பா துரை பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவர். துரையிடமிருந்து போன் வந்தால், தொழிலாளர் லயத்து வீட்டுக்குள்ளேயே கதிரையை விட்டு எழும்பி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றபடி பேசுவாராம். அதை நடித்துக் காட்டுவாள். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் எனக்குச் சிரிப்பு வராத ஒரு கவலை இருந்தது. என் மகளை அம்மாவிடம் தோட்டத்தில் விட்டுவிட்டுத்தான் நான் கண்டியில் வேலை செய்தேன். புருஷன் வெளிநாட்டில். மகள் ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். எங்கள் மேல் டிவிசனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ஓடை. பழைய பாலத்தை ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆட்கள் மரங்களைத் தறித்துக் குறுக்கே போடுவார்கள், அடுத்த மழை அதையும் கொண்டுபோகும். ஒரு பெட்டைப் பிள்ளை அதில் சறுக்கி விழுந்து, கொழுந்து எடுக்கப் போன ஒருத்தி தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். அதைக் கேட்டதிலிருந்து மழை பெய்தாலே எனக்கு வேலை ஓடாது. பாலம் வராவிட்டால் நான் பாமசி வேலையை விட்டுவிட்டு, தினமும் மகளை இடுப்பில் தூக்கி ஓடையைக் கடத்த வேண்டும். அந்தச் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது.

ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்பேன். "தொரைகிட்ட சொல்லியாச்சும்மா" என்பார். காலைப் பிரட்டில் ஆட்கள் கூடும்போது சொன்னார்கள். ஆபீஸ் வாசலில் நின்று சொன்னார்கள். துரை "பார்ப்போம்" என்றார். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் துரையிடம் சொல்லிவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். பிறகு அதைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

ஒரு பின்னேரம் அழுதுகொண்டே இதை அவளிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டாள்: "அவர்கிட்ட நீங்கல்லாம் என்னா கேட்டீங்க அக்கா?"

"பாலம் கட்டித் தாங்கன்னுதான்."

"விலிக்குஸ்கிட்ட போய் பாலம் கேட்டா எப்படிக் குடுப்பாரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. என் புள்ள ஆத்தோட போகப் பாக்குது, உனக்கு லத்தீன் கேக்குதா என்று கத்தினேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து, என்னுடையதைச் சூடாகக் கையில் கொடுத்தாள்.

"அவரால என்னா செய்ய ஏலும்னு யாராச்சும் கேட்டீங்களா? பாலத்த விடுங்க. அவரு கையில என்னா இருக்குன்னு?"

யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"திருவிழாவுக்கு தொரை வருவாருல்ல? நானும் வாறேன். நானே கேக்குறேன்" என்றாள். பின்லாந்தையே ஒரு கை பார்த்தவள் ஆயிற்றே, எனக்கும் தைரியம் வந்தது.

எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் முதல் மரியாதை துரைக்குத்தான். சாமிக்குத் தீபாராதனை முடிந்ததும் துரைக்குப் பரிவட்டம் கட்டி மாலை போடுவார்கள். அந்த வருஷத்துத் துரை சிங்களவர், வயதில் சின்னவர். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். வெயிலில் வேர்த்து வழிய, மாலையோடு நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, பந்தல் ஓரத்தில் போட்டிருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார். யாரோ சோடா கொடுத்தார்கள். இதுதான் நேரம் என்று நான் அவளைப் பார்த்தேன்.

அவள் முன்னால் போனாள். நான் பின்னால். துரை நிமிர்ந்து பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"சலாங்க" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. துரையும் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். காது மடல் சிவந்துபோனது. எனக்கு முதலில் கோபம், பிறகு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் என் மகள் அந்தப் பக்கம் பலூன் வாங்கிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

"தொரை, ஒண்ணு கேக்கணும். பாலம் கேக்கல."

அவர் சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் அப்பா, "ஏய், சும்மா இரு" என்று முணுமுணுத்தது கேட்டது.

"அந்தப் பாலத்த நீங்களா கட்ட ஏலுமா, இல்ல மேல கேக்கணுமா?"

துரை கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்கணும்" என்றார். "கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். கம்பனியில இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க எல்லாரும் மாலையோட வந்து நிக்கிறீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அம்மா தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்பிவைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அப்ப உங்க கையில என்னாதான் இருக்கு?"

அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். துரை கோபப்படவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னார். ஓடைக்கரையில் பாதைக்கு இடம் விடலாம். தோட்டத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதி ஒப்பம் வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அத்திவாரம் வெட்டுகிற நாட்களுக்கு ஆட்களுக்குப் பேர் போடலாம், அதாவது மலையில் வேலை செய்த கணக்கில் சம்பளம் கொடுக்கலாம்.

"இது மூணும் நாளைக்கே செய்வேன்" என்றார். "இத யாரும் கேக்கல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிரதேச சபைக்குப் போன எங்கள் ஆட்கள் முன்பே ஒரு பதிலோடு திரும்பியிருந்தார்கள். தோட்டத்து மண்ணில் எங்களால் கை வைக்க முடியாது, தோட்டம் எழுதித் தரட்டும் என்று சபை சொல்லியிருந்தது. அதை இவர்கள் 'சபையும் முடியாதுன்னுட்டாங்க' என்று கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஏனென்றால் துரை இருக்கும்போது சபை எதற்கு என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. கொடுக்க முடியாதவரிடம் பாலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவரால் கொடுக்கக்கூடிய ஒப்பத்தைக் கேட்கவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வாய் மூடவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். கெலிஓயா தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா போன்ல எந்திரிச்சு நிப்பாருன்னு சிரிச்சேன்ல அக்கா."

"விடு புள்ள. நீ சொல்லிக் குடுத்ததத்தான நான் கேட்டேன்."

"அவரு விலிக்குஸ்னு எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியல."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பட்டங்களை அளக்கிற அந்தப் பழக்கம் அவளுக்கு எதற்காக வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பயமில்லாதவளாக இருந்திருந்தால் அவளுக்கு அந்தக் கேள்விகளே தேவைப்பட்டிருக்காது. அதற்குப் பிறகு அவள்மேல் எனக்கு இருந்த பிரியம் இரட்டிப்பானது.

துரை சொன்ன சொல் தவறவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததை நானே கொண்டுபோய்ச் சபையில் கொடுத்தேன். அங்கே சபைத் தலைவரான தவிசாளரின் அறையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. வந்து அளந்தார்கள், போனார்கள், மறுபடி மழை வந்தது. ஒவ்வொரு கதவிலும் நான் அதே கேள்வியைக் கேட்டேன்: இது உங்க கையில இருக்கா, இல்ல மேல யார்கிட்ட போகணும்? கேட்கப் பழகிவிட்டால் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அத்திவாரம் வெட்டிய நாட்களில் துரை பேர் போட்டார். ஒருநாள் அவரே வந்து சேற்றில் நின்று பார்த்தார். ஆட்கள் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தார்கள், அவர் உட்காரவில்லை.

பாலம் முடிவதற்கு முன்பே அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து ஊர்ப்பக்கம் போய்விட்டாள். போகும்போது ராத்தா அவளைக் கட்டிப்பிடித்து அழுதது எங்கள் இருவருக்குமே அதிசயம். டொமினா அழக்கூடாது என்று எங்கும் எழுதவில்லையே என்று என் காதில் சொன்னாள்.

பாலத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. பொந்திஃபெக்ஸ் என்று ஒரு பட்டம் இருக்கிறதாம். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளே ஆசைப்பட்டுத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட பட்டமாம். பாலம் கட்டுபவர் என்று அர்த்தம் சொல்வார்களாம். அதை எனக்குக் கொடுத்திருக்கிறாளாம். சீமெந்து போட்டது சபை, எனக்கு எதற்கு இந்தப் பட்டம் என்று எழுதினேன். அவள் அதை விட்டுவிட்டு வேறொன்று எழுதியிருந்தாள். தன் அப்பாவுக்கு வரவேண்டிய காசு விஷயமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாளாம். "கதிரையில உக்காந்துதான் பேசுனேன் அக்கா. கால் கொஞ்சம் நடுங்குச்சு. ஆனா எந்திரிக்கல." பாமசியில் ஆட்கள் வரிசையில் நிற்க, நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் லீவு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முதல் நாள் மகளை நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சீருடை, முதுகைவிடப் பெரிய பை. இரவு மழை பெய்து ஓடை இரைந்துகொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது தொரையோட பாலமா?"

"தொரை நெனச்சா இத விக்க ஏலுமா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "ஏலாது."

"நம்மள இதுல வரக்கூடாதுன்னு சொல்ல ஏலுமா?"

"ஏலாது. அப்ப யாரோடது?"

"நடக்குறவங்களோடது. நட, பெல்லு அடிச்சிரும்."

என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள்.